ஸ்டேஷனை விட்டு வெளியே போகாத காகிதம்

"சி.எஸ்.ஆர். போட்டாச்சு." காவல் நிலையத்துக்குப் போய்விட்டு வந்தவர்கள் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். பைக் திருடு போனவர், வாடகைத் தகராறில் அடிபட்டவர், நிலத் தரகரிடம் முன்பணம் கொடுத்து ஏமாந்தவர் என எல்லோரும் சி.எஸ்.ஆர். என்கிற அந்தச் சின்ன ஒப்புகை ரசீதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, வழக்கு பதிவாகிவிட்டது என்றே நம்புகிறார்கள். பதிவாகவில்லை. இதை எத்தனை முறை விளக்கினாலும், "அப்போ இதுல நம்பர் போட்டு, சீல் வச்சு, எஸ்.ஐ. கையெழுத்துப் போட்டிருக்காரே?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கேள்வி நியாயமானதுதான். எண், தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கிற ஒரு அரசுக் காகிதம் சட்டத்தின் கண்ணில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்றால், யாருக்குத்தான் எளிதில் புரியும்?

சி.எஸ்.ஆருக்கும், முதல் தகவல் அறிக்கையான எஃப்.ஐ.ஆருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரும்பாலும் "இது சின்னப் புகாருக்கு, அது பெரிய புகாருக்கு" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த விளக்கம் தவறு. அதைவிட, அது ஆபத்தானது. இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் ஒன்றுதான்: எஃப்.ஐ.ஆர். ஸ்டேஷனை விட்டு வெளியே போகும், சி.எஸ்.ஆர். போகாது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

சி.எஸ்.ஆர். (கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர்) என்பது தமிழ்நாடு காவல்துறை தன் நிர்வாக வசதிக்காக வைத்திருக்கும் ஒரு பதிவேடு. மனு வாங்கினால் அதில் வரிசை எண் போட்டு, மனுதாரர் பெயரும் புகாரின் சுருக்கமும் எழுதி, ஒப்புகையாக ஒரு ரசீது தருவார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் சரி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் சரி, அப்படி ஒரு பதிவேடே கிடையாது. சட்டம் அறிந்தது வேறு இரண்டு பதிவுகளைத்தான். உடனே வழக்குப் பதிய வேண்டிய குற்றமென்றால் 173-வது பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை. இல்லையென்றால் 174-வது பிரிவின்படி அதற்கான புத்தகத்தில் ஒரு பதிவு, கூடவே மனுதாரரை நீதித்துறை நடுவரிடம் போகச் சொல்லும் கடமை. மூன்றாவதாக, "மனு விசாரணையில் இருக்கிறது" என்று ஒரு திண்ணை உண்டு என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. நம் ஊர் ஸ்டேஷன்களில் புகார்கள் அதிக நாள் உட்கார்ந்திருப்பது அந்தத் திண்ணையில்தான்.

பிடியாணை இல்லாமலே கைது

எந்தக் குற்றம் எந்தப் பக்கம் என்பதை ஸ்டேஷனில் யாரும் தன் விருப்பப்படி முடிவு செய்ய முடியாது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணையில் ஒவ்வொரு குற்றத்துக்கும் எதிரே எழுதியிருக்கிறது: நடுவரின் பிடியாணை இல்லாமலே காவல்துறை கைது செய்யக்கூடிய குற்றமா, இல்லையா என்று. கைது செய்யக்கூடியது என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம். குற்றத்தின் கனத்துக்கும் இந்தப் பிரிவுக்கும் நேர்ச் சம்பந்தம் இருக்கும் என்று எதிர்பார்ப்போம், ஆனால் அப்படி இல்லை. கையால் அடித்துச் சாதாரணக் காயம் ஏற்படுத்துவது, குற்றங்களையும் தண்டனைகளையும் வகுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 115(2). ஓராண்டு வரை சிறை உண்டு, ஆனாலும் அது பிடியாணை வேண்டும் குற்றம். ஒருவரை வழிமறித்து நிறுத்துவது, 126(2). ஒரு மாதம்தான் தண்டனை, ஆனால் அதில் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவது, 296(பி). மூன்று மாதம், அதிலும் கைது செய்யலாம்.

தமிழ்நாட்டு எஃப்.ஐ.ஆர்.களைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். தெருச் சண்டை என்றாலே பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 506(2) என்று மூன்றும் சேர்ந்தே வரும். இப்போது 296(பி), 115(2), மிரட்டலுக்கான 351(3). இது வெறும் பழக்கதோஷம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சம்பவத்தில் பல குற்றங்கள் இருந்து, அவற்றில் ஒன்றாவது பிடியாணை வேண்டாத குற்றமாக இருந்தால், முழு வழக்கையும் அப்படியே கருதலாம் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174(4) சொல்கிறது. அடித்ததற்காக மட்டும் எஃப்.ஐ.ஆர். போட முடியாத இடத்தில், திட்டியதைச் சேர்த்தால் போட முடியும். அதனால்தான் மனுவில் "அசிங்கமான வார்த்தைகளால் திட்டினார்" என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. நடந்ததை எழுதுவது சரி. நடக்காததைக் கதவு திறப்பதற்காக எழுதுவது, பின்னால் குறுக்கு விசாரணையில் மொத்த வழக்கையும் சாய்த்துவிடும். என்ன வார்த்தை சொன்னார், எங்கே நின்று சொன்னார், யார் கேட்டார்கள் என்று வக்கீல் கேட்பார்.

திருட்டிலும் ஒரு நுணுக்கம் புதிதாக வந்திருக்கிறது. 303(2)-இன் கீழ் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, பிடியாணை வேண்டாத குற்றம். ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல்முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமுதாய சேவைதான் தண்டனை, அட்டவணையில் அது பிடியாணை வேண்டும் குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது. பழைய செல்போனைப் பறிகொடுத்தவரிடம் "அஞ்சாயிரத்துக்குக் கீழதானே?" என்று கேட்பதற்கு இது ஒரு சாக்காகிவிடக்கூடும். அந்த விதிவிலக்கு பொருந்துவதற்குத் திருடியவர் யாரென்று தெரிந்து, பொருள் திரும்பி வந்திருக்க வேண்டும். திருடன் யாரென்றே தெரியாத நிலையில் அதைக் காட்டி எஃப்.ஐ.ஆரை மறுப்பது சரியாக இருக்க முடியாது என்பதே என் கருத்து.

கடைசிக் கட்டம்

எஃப்.ஐ.ஆர். படிவத்தை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். மாவட்டம், நிலையம், ஆண்டு, குற்ற எண். சட்டப் பிரிவுகள். சம்பவம் நடந்த நாளும் நேரமும், ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நாளும் நேரமும், அந்தத் தகவல் பொது நாட்குறிப்பில், அதாவது ஜி.டி.யில், எந்த எண்ணில் ஏறியது என்பது. தகவல் எழுத்தில் வந்ததா, வாய்மொழியாகவா. சம்பவ இடம் ஸ்டேஷனிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம். புகார் கொடுத்தவர் விவரம். எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்படுபவர்கள், தெரிந்தவர்களா, சந்தேகப்படுபவர்களா, அடையாளம் தெரியாதவர்களா. புகார் தர ஏன் தாமதம். என்ன பொருள் போனது, மொத்த மதிப்பு என்ன. பிறகு புகாரின் முழு வாசகம், எடுத்த நடவடிக்கை, கையெழுத்து. இதெல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் ஒரு கட்டம்: நீதிமன்றத்துக்கு அனுப்பிய நாளும் நேரமும்.

புகார் கொடுப்பவர்கள் யாரும் அந்தக் கடைசிக் கட்டத்தைக் கவனிப்பதில்லை. எல்லோர் கண்ணும் எதிரிகள் பெயர் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். ஆனால் எஃப்.ஐ.ஆருக்கு உயிர் கொடுப்பது அந்தக் கட்டம். 176-வது பிரிவின்படி, புலன்விசாரணை தொடங்கும் அதிகாரி உடனடியாக நடுவருக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். நம் ஊரில் எஃப்.ஐ.ஆரின் அசலையே கோர்ட் டியூட்டி காவலரிடம் கொடுத்து அனுப்புவார்கள். கொலை மாதிரிக் கொடுங்குற்றம் என்றால் 'எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர்.' என்று சொல்லி, இரவானாலும் காவலர் ஒருவர் நடுவரின் வீட்டுக்கே எடுத்துப் போவார். நடுவர் அதை வாங்கிய தேதியையும் நேரத்தையும் எழுதிச் சுருக்கொப்பம் போடுவார். அந்த இரண்டு வரிகளை எழுதுபவர் காவல்துறையைச் சேர்ந்தவர் அல்ல. நடந்தது நடந்தபடி அன்றைக்கே எழுதப்பட்டதா, இரண்டு நாள் யோசித்து ஆட்களைச் சேர்த்து எழுதப்பட்டதா என்பதற்கு ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கிற ஒரே சாட்சி பெரும்பாலும் அந்த நேரக் குறிப்புதான்.

இதன் கனம் தெரிய வேண்டுமானால் துலியா காளி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பார்க்கலாம். கொலை நடந்து 20 மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் புகார் போயிருந்தது. காவல் நிலையமோ இரண்டு மைல் தூரத்தில்தான் இருந்தது. தாமதத்துக்குச் சரியான விளக்கம் இல்லை. தாமதமான புகாரில் ஜோடனையும் மிகையும் புகுந்துவிடும் வாய்ப்பு உண்டு என்று சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றம் விடுவித்தது. இன்றுவரை தமிழ்நாட்டு அமர்வு நீதிமன்றங்களில் எதிர்த்தரப்பு வக்கீல்கள் முதலில் எடுத்து வைக்கும் வாதங்களில் இதுவும் ஒன்று. தாமதம் என்றாலே வழக்கு போய்விட்டது என்று பொருளில்லை. நியாயமான காரணம் இருந்தால் நீதிமன்றம் ஏற்கும். ஆனால் காரணம் எஃப்.ஐ.ஆரிலேயே, அதற்கென்று இருக்கிற கட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சி.எஸ்.ஆர். எங்கே வந்து கழுத்தை அறுக்கிறது என்பது இங்கேதான் தெரியும். ஒருவர் திங்கட்கிழமை காலையில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். வாங்குகிறார். எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள், சமாதானம் பேசுகிறார்கள், ஒத்துவரவில்லை. இருபது நாள் கழித்து எஃப்.ஐ.ஆர். போடுகிறார்கள், பெரும்பாலும் புதிதாக ஒரு மனு எழுதி வாங்கிக்கொண்டு. நடுவரின் மேசைக்குப் போகும் காகிதத்தில் இருப்பது இருபது நாள் தாமதம். முதல் நாளே போனார் என்பதைக் காட்ட அவரிடம் இருப்பது அந்த ரசீது மட்டும்தான். அதைத் தொலைத்துவிட்டால் அதுவும் இல்லை. புது மனுவில் பழைய சி.எஸ்.ஆர். எண்ணையும் தேதியையும் குறிப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டும் என்பது இதனால்தான். குறிப்பிடாத மனுவில் கையெழுத்துப் போடவே கூடாது.

லலிதா குமாரி சொன்னது

இந்த விஷயத்தில் நாட்டுக்கே திருப்பம் தந்தது லலிதா குமாரி வழக்கின் தீர்ப்பு. உத்தரப் பிரதேசத்தில் ஒரு சிறுமி கடத்தப்பட்டாள். தந்தை எழுத்தில் புகார் கொடுத்தார். ஸ்டேஷனில் எதுவும் நடக்கவில்லை. மாவட்டக் கண்காணிப்பாளரிடம் போன பிறகுதான் எஃப்.ஐ.ஆர். பதிந்தார்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வரைக்கும் போனது. 2013 நவம்பர் 12-இல் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதியாக அமர்வில் இருந்தவர் ஈரோடு மாவட்டத்துக்காரரான ப. சதாசிவம். பிடியாணை வேண்டாத குற்றம் நடந்ததாகத் தகவல் சொன்னால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், தகவல் நம்பத் தகுந்ததா என்று முதலில் எடைபோடும் அதிகாரம் நிலைய அதிகாரிக்கு இல்லை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. உண்மையா பொய்யா என்பது பதிவுக்குப் பிறகு புலன்விசாரணையில் பார்க்க வேண்டியது.

குடும்பத் தகராறு, வணிகக் குற்றம், மருத்துவ அலட்சியம், ஊழல், காரணம் சொல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் தாமதித்து வந்த புகார் ஆகிய வகைகளில் மட்டும் முன்விசாரணை நடத்தலாம் என்றது. அதிலும்கூட முன்விசாரணை தகவல் உண்மையா என்று பார்ப்பதற்கு அல்ல, பிடியாணை வேண்டாத குற்றம் வெளிப்படுகிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே. முதலில் ஏழு நாள் கெடு வைத்து, 2014 மார்ச்சில் அதைப் பொதுவாகப் பதினைந்து நாள், விதிவிலக்கான வழக்குகளில் ஆறு வாரம் என்று மாற்றினார்கள். முன்விசாரணை செய்து புகாரை முடித்துவிட்டால், ஒரு வாரத்துக்குள் முடித்த குறிப்பின் நகலைக் காரணத்துடன் புகார்தாரருக்குத் தர வேண்டும். வருகிற தகவல் எதுவானாலும் ஜி.டி.யில் ஏறியாக வேண்டும்.

ஒரு வாரத்தில் காரணத்துடன் நகல் என்கிற இந்த வரியை நான் மிகவும் மதிக்கிறேன். சி.எஸ்.ஆர். போட்ட புகார்கள் முடிவது எப்படி என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். "இரு தரப்பும் நீதிமன்றம் மூலம் பரிகாரம் தேடிக்கொள்வதாக எழுதிக் கொடுத்ததால் மனு மீதான நடவடிக்கை முடிக்கப்பட்டது" என்று ஒரு வரி. பல நேரம் அந்த "எழுதிக் கொடுத்தது" என்னவென்று எழுதிக் கொடுத்தவருக்கே முழுதாகத் தெரியாது. ரைட்டர் சொல்லச் சொல்ல எழுதியிருப்பார், அல்லது எழுதி வைத்ததில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

புதிய சட்டம் இந்தத் தீர்ப்பை ஓரளவு மாற்றிவிட்டது. 173(3)-இன்படி, மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுக்குக் கீழே தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி பெற்று, பதினான்கு நாளுக்குள் முன்விசாரணை நடத்தலாம். மாநகரங்களில் உதவி ஆணையர் அந்த அந்தஸ்தில் இருப்பவர். செயின் பறிப்பு, அதாவது 304, மூன்று ஆண்டு வரை தண்டனை என்பதால் இந்த வளையத்தின் விளிம்பில் வருகிறது. நம்பிக்கை மோசடி 316(2), ஐந்து ஆண்டு, நடுவில் வருகிறது. ஏமாற்றிப் பணம் பறிப்பது 318(4), ஏழு ஆண்டு வரை, அதனால் வராது. கொடுங்காயம் 117(2)-ம் ஏழு ஆண்டு வரை, வராது. வழிமறித்தல் மாதிரி ஒரு மாதத் தண்டனைக் குற்றமும் வராது, அதற்கு நேராக எஃப்.ஐ.ஆர்.தான். சின்னதற்கு உடனே பதிவு, பெரியதற்கும் உடனே பதிவு, நடுவில் இருப்பதற்குப் பதினான்கு நாள் என்ற இந்த அமைப்பு எனக்கு விசித்திரமாகவே படுகிறது. பேச்சு, எழுத்து தொடர்பான புகார்களில் இந்த வசதி பாதுகாப்பாகப் பயன்படும் என்று 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டியிருக்கிறது. கவிதைக்கு எஃப்.ஐ.ஆர். போட்ட வழக்கு அது. அந்த அளவில் பிரிவு நல்லதுதான். சங்கிலியைப் பறிகொடுத்து நிற்கிற பெண்ணிடம் அதே பிரிவைக் காட்டினால் அதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

"விசாரிச்சிட்டு இருக்கோம்மா, சி.எஸ்.ஆர். குடுத்திருக்கோம்ல" என்று சொல்லப்பட்டால், கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 173(3)-இன் கீழ் அனுமதி வாங்கியிருக்கிறதா, எந்தத் தேதியில்? அனுமதி இருந்தால் பதினான்கு நாள் எண்ணிக்கொள்ளலாம். இல்லையென்றால் நடக்கிற விசாரணைக்குச் சட்டத்தில் பெயர் கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 2018-இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆருக்கு முன்விசாரணை தேவையில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் வன்கொடுமைப் புகாருக்கு சி.எஸ்.ஆர். கொடுத்து அனுப்பினால் அது அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவில் கடமை தவறுதலாகப் பார்க்கப்பட வேண்டிய விஷயம். காணாமல் போன குழந்தைகளின் விஷயத்திலும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013 மே மாதமே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது.

ஏன் போட மாட்டேன் என்கிறார்கள்

காவலர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, ஆனால் அது உண்மையைத் தொடாது. ஒவ்வொரு எஃப்.ஐ.ஆரும் ஒரு வேலைப் பட்டியலைத் திறக்கிறது. நாள்தோறும் வழக்கு நாட்குறிப்பு எழுத வேண்டும், சாட்சிகளை விசாரிக்க வேண்டும், சம்பவ இடத்துக்கு வரைபடம் போட வேண்டும், இறுதி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும், அதுவரை ஒவ்வொரு ஆய்வுக் கூட்டத்திலும் "இது என்ன ஆச்சு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கண்டுபிடிக்க முடியாத திருட்டு வழக்கு என்றால் அது அந்த ஸ்டேஷனின் கணக்கில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுவதும் எஃப்.ஐ.ஆர்.களைத்தான். பதிவு கூடினால் ஊரில் குற்றம் கூடிவிட்டது என்று தலைப்புச் செய்தி வரும். நேர்மையாகப் பதிகிற இன்ஸ்பெக்டருக்குத் தண்டனை, பதியாதவருக்குப் பாராட்டு என்ற நிலையை நாம்தான் உருவாக்கி வைத்திருக்கிறோம். குற்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு ஸ்டேஷனை அளப்பதை நிறுத்தாமல் சி.எஸ்.ஆர். பழக்கத்தை ஒழிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

மறுபக்கமும் இருக்கிறது. எஃப்.ஐ.ஆரில் ஒருவர் பெயர் ஏறிவிட்டால் பாஸ்போர்ட் சரிபார்ப்பிலும் அரசு வேலைக்கான விசாரணையிலும் அது எட்டிப் பார்க்கும். பங்காளித் தகராறில் வீட்டிலுள்ள எல்லோர் பெயரையும், வெளியூரில் படிக்கிற பையனையும் சேர்த்து எழுதிக் கொடுப்பவர்கள் நம் ஊரில் குறைவில்லை. கடனாகக் கொடுத்த பணம் திரும்பவில்லை என்பதற்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். கேட்பது சட்டத்தில் நிற்காது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டினால்தான் அது மோசடி, இல்லையென்றால் உரிமையியல் வழக்கு. இப்படிப்பட்ட புகார்களுக்கு சி.எஸ்.ஆர். போட்டு அனுப்புவதில் எனக்குக் குறையில்லை. பொய்ப் புகார் கொடுப்பதே 217, 248 பிரிவுகளின் கீழ் குற்றம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் சி.எஸ்.ஆரை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பை நாள்கணக்கில் ஸ்டேஷனில் உட்கார வைப்பதும், பத்திரம் எழுதி வாங்குவதும் அப்பட்டமான கட்டப்பஞ்சாயத்து. மனு விசாரணைக்கு ஒருவரைக் கூப்பிட்டால் தேதி, நேரம் குறித்து எழுத்தில் அழைப்பாணை தர வேண்டும், விசாரணையில் நடந்ததை நாட்குறிப்பில் பதிய வேண்டும், துன்புறுத்தக் கூடாது, லலிதா குமாரி நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்ப உத்தரவிட்டு வருகிறது. போனில் "ஸ்டேஷனுக்கு வா" என்று கூப்பிடுவது இதில் எதற்குள்ளும் வராது.

மனுவில் என்ன எழுத வேண்டும்

ஸ்டேஷன் வாசலில் மனு எழுதித் தருபவர்களிடம் ஒரு வாய்பாடு இருக்கிறது. "மேற்படி நபர் மீது தகுந்த நடவடிக்கை எடுத்து எனக்கும் என் குடும்பத்துக்கும் பாதுகாப்பு வழங்கும்படி" என்று முடியும். நடந்தது என்ன என்பது நடுவில் இரண்டு வரி. இதைத் தலைகீழாக்க வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், யார், கையில் என்ன இருந்தது, உடம்பில் எங்கே பட்டது, யார் பார்த்தார்கள், உடனே எங்கே போனீர்கள் என்பதே முக்கால் பங்கு இருக்க வேண்டும். பழைய பகையின் வரலாறு கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. கட்டை, கத்தி, அரிவாள் என்று ஆயுதம் இருந்திருந்தால் அதைக் குறிப்பிடத் தவறக் கூடாது. வெறும் கைக்கும் ஆயுதத்துக்கும் இடையில்தான் 115(2), 118(1) என்று பிரிவு மாறி, பிடியாணை வேண்டாத குற்றமாகிறது.

அடிபட்டவர் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போவதே நல்லது. அங்கே மருத்துவர் ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்: எத்தனை பேர், தெரிந்தவர்களா, எதனால் அடித்தார்கள், எத்தனை மணிக்கு. அந்தத் தகவல் ஸ்டேஷனுக்குப் போகும். காவலர் மருத்துவமனைக்கே வந்து வாக்குமூலம் வாங்கி, அதன் மேலேயே எஃப்.ஐ.ஆர். பதிவார்கள். பின்னால் விசாரணையில் முதலில் கிழிபடுவது இந்த ஏ.ஆர். நகல்தான். டாக்டரிடம் "இரண்டு பேர்" என்று சொல்லிவிட்டு எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர் என்றால், மீதி மூன்று பேரோடு சேர்த்து அந்த இரண்டு பேரும் தப்பிக்க வழி கிடைத்துவிடும்.

வண்டி திருட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. "காணவில்லை" என்று எழுதச் சொல்வார்கள். பூட்டி நிறுத்திய வண்டி தானாகக் காணாமல் போகாது. திருடு போனது என்றே எழுத வேண்டும். காப்பீட்டு நிறுவனம் கேட்பது எஃப்.ஐ.ஆரும், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும். சி.எஸ்.ஆரை வைத்துக்கொண்டு பணம் வாங்க முடியாது. நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்தாலும், உடனே எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் தாமதத்தை மட்டுமே காரணமாக்கிக் கோரிக்கையை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பாதுகாப்பு எஃப்.ஐ.ஆருக்குத்தான், ரசீதுக்கு அல்ல.

எல்லை தங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்புவதும் இனி செல்லாது. குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் தகவலை வாங்க வேண்டும் என்று 173(1)-லேயே எழுதியாகிவிட்டது. பூஜ்ய எண் போட்டுப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் தகவல் தரலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் எழுதி, படித்துக் காட்டி, அதன் பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். நகல் இலவசம். பாலியல் குற்றம், சிறார் தொடர்பானவை போன்ற உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016 செப்டம்பர் முதல் உள்ள உத்தரவு. தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவைத் தளத்தில் எஃப்.ஐ.ஆருக்கும் சி.எஸ்.ஆருக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. கையில் இருக்கிற எண் எந்தப் பக்கத்தில் திறக்கிறது என்று பார்த்தாலே எது கிடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மறுத்தால் செய்ய வேண்டியதில் வரிசை தவறக் கூடாது. புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, மாநகரமானால் ஆணையருக்கு, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். தபால் ரசீதும் ஒப்புகை அட்டையும் இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது. அதன் பிறகு 175(3)-இன் கீழ் நடுவரிடம் மனு. உறுதிமொழிப் பத்திரம் இணைக்க வேண்டும் என்பதை 2015-இல் பிரியங்கா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, இப்போது அது சட்டத்திலேயே இருக்கிறது. நடுவர் காவல்துறையின் பதிலையும் கேட்ட பிறகே விசாரணைக்கு உத்தரவிடுவார் என்பதால் சில வாரங்கள் ஆகும். நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று பலர் கேட்கிறார்கள். முதலில் நடுவரிடம் போ என்பதுதான் சகிரி வாசு வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் சொல்லி வருவது. கண்காணிப்பாளருக்கு அனுப்பாமல், தபால் ரசீது இல்லாமல் நடுவரிடம் போய் மனு திரும்பி வந்த கதைகள்தான் நீதிமன்ற வளாகத்தில் அதிகம் கேட்கிறவை.

எஃப்.ஐ.ஆர். பதிந்த பிறகு காவல்துறை வழக்கை முடிக்க நினைத்தாலும், அதையும் நடுவரிடம் சொல்லித்தான் முடிக்க வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 193(3)-இல் புதிதாக வந்திருக்கிற கடமை. "பொருண்மைப் பிழை" (மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்) என்றோ "கண்டுபிடிக்க முடியவில்லை" என்றோ, வழக்கை முடிப்பதாகத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வந்தால், அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதில்லை. வழக்கை முடிக்கும் அறிக்கையை நடுவர் ஏற்பதற்கு முன் புகார்தாரருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று 1985-இல் பகவந்த் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. நோட்டீஸில் குறித்த தேதியில் நடுவர் நீதிமன்றத்துக்குப் போய் ஆட்சேப மனு தாக்கல் செய்யலாம். எந்தச் சாட்சியை விசாரிக்கவில்லை, எந்த சிசிடிவி பதிவை வாங்கவில்லை, ஏ.ஆர். நகல் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று குறிப்பாகச் சொன்னால், நடுவர் மேல்விசாரணைக்குத் திருப்பி அனுப்பவும் முடியும்.